டிரெட்மில் நார்மல் என்றால் இதயம் நார்மலா? பரம்பரைக் கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் செய்துகொள்ள வேண்டிய பரிசோதனைகள்

குடும்பத்தில் கொலஸ்ட்ரால் உண்டு, நாற்பதிலேயே மாரடைப்பு வந்தவர்களும் உண்டு, ஆனால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை, ஈ.சி.ஜி.யும் டிரெட்மில்லும் நார்மல்தான் என்று சொல்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த இரண்டு ரிப்போர்ட்டையும் மட்டும் நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஈ.சி.ஜி. என்பது இதயத்தின் மின்னோட்டம் அந்த நிமிடத்தில் எப்படி இருக்கிறது என்பதைக் காட்டும். டிரெட்மில், இதயம் வேகமாக வேலை செய்யும்போது ரத்தம் போதவில்லையா என்பதைக் காட்டும். ரத்தம் போதாமல் போவதற்கு ஒரு குழாய் பெரும்பாலும் 70 சதவீத அளவுக்காவது சுருங்கியிருக்க வேண்டும். ஆனால் பரம்பரைக் கொலஸ்ட்ராலில் நோய் தொடங்குவது குழாயின் நடுவில் இல்லை, அதன் சுவருக்குள். 1987இல் கிளாகோவ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: சுவரில் கொழுப்பு படியப் படிய, குழாய் வெளிப்பக்கமாக விரிந்து கொடுக்கிறது, அதனால் ரத்தம் ஓடும் வழி அப்படியே இருக்கிறது. படிவு ஏறக்குறைய 40 சதவீத இடத்தைப் பிடித்த பிறகுதான் உள்வழி சுருங்கவே ஆரம்பிக்கிறது. அதுவரை நீங்கள் எத்தனை தடவை ஓடிக் காட்டினாலும் டிரெட்மில் நார்மல் என்றுதான் வரும். இன்னொன்று, மாரடைப்பைக் கொண்டுவருவது எப்போதும் பெரிய அடைப்பு இல்லை. பாதிகூட அடைக்காத ஒரு மென்மையான படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்தாலே போதும்.

ஆகவே நாம் பார்க்க வேண்டியது ரத்த ஓட்டத்தை மட்டும் இல்லை, சுவரை. அதை எப்படிப் பார்ப்பது, எந்த வயதில் எது பயன்படும், எதை வைத்து ஏமாறக் கூடாது என்பதைத்தான் கீழே சொல்கிறேன்.

முதலில் இது பரம்பரைக் கொலஸ்ட்ரால்தானா?

பெரியவர்களில் மருந்து எதுவும் எடுக்காத நிலையில் எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்கு 190 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், குழந்தைகளில் 160 அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்தச் சந்தேகம் வர வேண்டும். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் இப்போதைய எண்ணைப் பார்த்துவிட்டு 'எனக்கு 120தானே' என்று சொல்லக் கூடாது, மாத்திரை தொடங்குவதற்கு முந்தைய பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள், அந்த ஒரு தாள் பல புதிய பரிசோதனைகளைவிட அதிகம் சொல்லும். மாரடைப்பு வந்து சில நாள் கழித்து எடுத்த ரத்தத்தில் எல்.டி.எல். உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். தைராய்டு குறைவு, சிறுநீரில் புரதம் போகும் சிறுநீரக நோய், பித்தம் தேங்கும் கல்லீரல் நோய் ஆகியவையும் எல்.டி.எல்.லை ஏற்றும், அவை இல்லை என்று உறுதி செய்துகொள்வது டாக்டரின் வேலை.

இது அபூர்வ நோய் என்று பலர் நினைக்கிறார்கள். ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. கல்லீரல் செல்களின் மேல் எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் உண்டு (இதைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது). அந்த ஏற்பிக்கான மரபணுவில் பிழை இருந்தால் கொழுப்பு ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பிழை வந்திருந்தால் சாதாரண வகை, இரண்டு பேரிடமிருந்தும் வந்திருந்தால் மிகக் கடுமையான இரட்டை வகை. அதில் எல்.டி.எல். 400, 500ஐத் தாண்டும், சிறு வயதிலேயே இதயம் பாதிக்கப்படும். மரபணுப் பரிசோதனையில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதால் நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை, இது முக்கியம்.

உடம்பிலேயே சில அடையாளங்கள் உண்டு, வீட்டிலேயே பார்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை மறு முழங்கால் மேல் போட்டுக்கொள்ளுங்கள். குதிகாலுக்கு மேலே, பின்பக்கம் கயிறு மாதிரி இறங்கும் தசைநாணைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, மேலிருந்து கீழாக மெதுவாக நகர்த்துங்கள், பாதத்தை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆரோக்கியமான தசைநாண் மெல்லியதாக, ஓரங்கள் தெளிவாக விரலுக்குத் தட்டுப்படும். கொழுப்பு படிந்ததோ தடிமனாக, உருண்டையாக, சில இடங்களில் முடிச்சு முடிச்சாக இருக்கும், பாதத்தை அசைத்தால் அந்த முடிச்சும் தசைநாணோடு சேர்ந்தே நகரும். கைவிரல் முட்டிகளின் மேல் உள்ள தசைநாண்களையும் இதே போல் தடவிப் பாருங்கள். 45 வயதுக்குள் கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் அதுவும் வலுவான அறிகுறி. இமையில் வரும் மஞ்சள் திட்டு அவ்வளவு உறுதியான ஆதாரம் இல்லை, கொலஸ்ட்ரால் சரியாக இருப்பவர்களுக்கும் அது வரும். இவை எதுவுமே இல்லாமலும் நோய் இருக்கலாம் என்பதால், இருந்தால் சந்தேகத்தை உறுதியாக்குங்கள், இல்லாவிட்டால் அதை வைத்து விடுதலை வாங்காதீர்கள்.

எத்தனை வருட எல்.டி.எல்.?

ஸ்கேனுக்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். இந்த நோயில் எல்.டி.எல். பிறந்த நாளிலிருந்தே அதிகம், அதனால் இன்றைய எண்ணைவிட அது எத்தனை வருடமாக அப்படி இருந்தது என்பதுதான் சேதத்தைத் தீர்மானிக்கிறது. சிகிச்சையில்லாமல் 250இல் இருந்த ஒருவர் 40 வயதில் 10,000 என்ற கூட்டுத்தொகையைத் தொட்டுவிடுவார். 125இல் வாழ்ந்தவர் அதே இடத்துக்கு வர 80 வயதாகும். சிகிச்சை எடுத்த வருடங்களுக்குக் குறைந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். துல்லியமாக இருக்காது, ஆனால் டாக்டரிடம் 'எனக்கு 36 வயதுதான்' என்று சொல்வதற்கும் 'எனக்கு 30 வருடம் சிகிச்சையில்லாமல் 260 இருந்தது' என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது. சிகிச்சையே எடுக்காத ஆண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு 50 வயதுக்குள்ளும், பெண்களில் சுமார் 30 சதவீதத்தினருக்கு 60 வயதுக்குள்ளும் இதய நோய் வந்துவிடுகிறது என்பது பழைய கணக்கு. பொது மக்களுக்கான ஆபத்துக் கணக்கிடும் அட்டவணைகளை உங்களுக்குப் போடவே கூடாது, அவை உங்கள் ஆபத்தைக் குறைத்தே காட்டும்.

இந்தக் கட்டத்திலேயே லிப்போபுரோட்டீன் ஏ என்ற ரத்தப் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள், டாக்டர்கள் 'எல்பி லிட்டில் ஏ' என்று சொல்வார்கள். வழக்கமான கொலஸ்ட்ரால் பரிசோதனையில் இது வராது, தனியாக எழுதித்தர வேண்டும். பெரும்பாலும் மரபணுதான் இதைத் தீர்மானிக்கிறது என்பதால் வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தாலே பொதுவாகப் போதும். 50 மில்லிகிராமுக்கு மேல், அல்லது வேறு அலகில் 125 நானோமோலுக்கு மேல் இருந்தால், பரம்பரைக் கொலஸ்ட்ராலோடு இன்னொரு சுமையும் சேர்ந்திருக்கிறது என்று பொருள், பெருந்தமனி வால்வு கெட்டியாகும் ஆபத்தும் கூடும்.

கால்சியம் ஸ்கோர்

நடுவயதில் அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் தொடங்குவதற்கு ஏற்ற ஸ்கேன் இதுதான். ஊசி இல்லை, சாய மருந்து இல்லை, மூச்சைச் சில விநாடி பிடித்தால் போதும், சில நிமிடங்களில் முடிந்துவிடும். கதிர்வீச்சும் குறைவு, ஏறத்தாழ 1 மில்லிசீவர்ட். இதயத் தமனிகளின் சுவரில் கால்சியம் படிந்த இடங்களைக் கணக்கெடுத்து ஒரே எண்ணாகத் தருவார்கள், அகாட்ஸ்டன் என்ற மருத்துவர் குழு 1990இல் வெளியிட்ட முறை என்பதால் அகாட்ஸ்டன் ஸ்கோர் என்று ரிப்போர்ட்டில் இருக்கும்.

0 என்றால் கால்சியம் இல்லை. 1 முதல் 99 வரை லேசான படிவு, 100 முதல் நடுத்தரம், 400ஐத் தாண்டினால் நிறைய. ஆனால் மொத்த எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். கீழே ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனி எண் இருக்கும், உங்கள் வயதுக்காரர்களில் எத்தனை சதவீதத்தினரைவிட உங்களுக்கு அதிகம் என்ற கணக்கும் இருக்கும். 70 வயதுக்காரருக்கு 40 என்பது பெரிய விஷயம் இல்லை, 38 வயதுக்காரருக்கு அதே 40 என்பது சுவரில் நோய் வெகு சீக்கிரமே தொடங்கிவிட்டது என்பதற்கு அத்தாட்சி.

இப்போது எச்சரிக்கை. கால்சியம் என்பது பழைய படிவின் தழும்பு. புதிய, மென்மையான, வெடிக்கக்கூடிய படிவில் கால்சியம் இருக்காது, இந்த ஸ்கேனுக்கு அது தெரியாது. ஆகவே 30 வயதுக்காரருக்கு பூஜ்யம் வந்தால் 'உனக்கு ஒன்றும் இல்லை' என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. தொடர்ந்து மருந்து எடுத்துவரும் ஐம்பது வயதுக்காரருக்கு பூஜ்யம் வந்தால் அது உண்மையிலேயே நல்ல செய்தி, அடுத்த சில வருடங்களுக்குக் கொஞ்சம் தைரியம் தரும், ஆனாலும் மாத்திரையை நிறுத்த அது அனுமதிச் சீட்டு இல்லை.

இன்னொரு குழப்பம் அடிக்கடி வருகிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை எடுக்கும்போது மென்மையான படிவு கெட்டியாக மாறும், அதனால் ஸ்கோர் ஏறவும் செய்யும். மருந்து எடுத்தும் எண் கூடிவிட்டதே என்று பயந்து மருந்தை விட்டவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வருடா வருடம் இந்த ஸ்கேனை எடுத்துப் பார்ப்பதிலும் பயன் இல்லை. ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் பைபாஸ் செய்தவர்களுக்கும் இது தேவையே இல்லை.

சி.டி. ஆஞ்சியோ: சுவரை நேரடியாகப் பார்ப்பது

கால்சியம் இல்லாத படிவையும் பார்க்க வேண்டுமென்றால், ரத்தக் குழாயில் சாய மருந்து ஏற்றி எடுக்கும் இந்த சி.டி. ஸ்கேன்தான் வழி. எல்.டி.எல். மிக அதிகம், குடும்பத்தில் இளம் வயது மாரடைப்பு, எல்பி லிட்டில் ஏ அதிகம், அல்லது லேசான சந்தேகத்துக்குரிய நெஞ்சு அசௌகரியம் என்றால் டாக்டரிடம் இதைப் பற்றிப் பேசுங்கள். எல்லோருக்கும் கட்டாயம் என்று நான் சொல்லமாட்டேன். கதிர்வீச்சும் சாய மருந்தும் உண்டு, இளம் பெண்களுக்கு நன்றாக யோசித்துத்தான் எழுதித்தர வேண்டும்.

போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை நிறைய. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 60க்கு அருகில் இருந்தால்தான் படம் தெளிவாக வரும், அதனால் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை தருவார்கள், ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அன்று காபி, டீ வேண்டாம் என்பார்கள். குழாய் விரிய நாக்குக்கு அடியில் நைட்ரோகிளிசரின் கொடுப்பது வழக்கம், எனவே ஆண்மைக் குறைவுக்கான சில்டனாஃபில் (வயாக்ரா) வகை மாத்திரை சமீபத்தில் எடுத்திருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்க்காமல் சாய மருந்து போட்டுக்கொள்ளாதீர்கள், முன்பு சாய மருந்தில் ஒவ்வாமை வந்திருந்தாலோ, மெட்ஃபார்மின் எடுத்தாலோ, கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தாலோ அதையும் சொல்லுங்கள். மருந்து ஏறும்போது உடம்பு முழுக்கச் சூடு பரவும், சிறுநீர் போய்விட்டது போலவே தோன்றும், அது போகவில்லை, பயப்பட வேண்டாம், அசையாமல் மூச்சைப் பிடித்திருங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் கடைசி வரியை மட்டும் படிப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. 'குறிப்பிடத்தக்க அடைப்பு இல்லை' என்று இருக்கும், அப்பாடா என்று மடித்து வைத்துவிடுவார்கள். அந்த வாக்கியத்துக்குப் பொதுவான பொருள் 50 சதவீதத்துக்கு மேல் அடைப்பு இல்லை என்பதுதான், படிவே இல்லை என்பது அல்ல. மேலே போய் ஒவ்வொரு குழாயின் பத்தியையும் படியுங்கள். கேட்-ராட்ஸ் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், 0 என்றால் படிவே இல்லை, 1 என்றால் 25 சதவீதத்துக்குக் குறைவான சுருக்கம், 2 என்றால் 25 முதல் 49 வரை, 3 என்றால் 50 முதல் 69 வரை, 4 என்றால் 70க்கு மேல், 5 என்றால் முழு அடைப்பு. பரம்பரைக் கொலஸ்ட்ரால் உள்ளவருக்கு 1ம் 2ம்கூட முக்கியமான செய்திதான், சுவரில் நோய் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தாகிவிட்டது. அதோடு படிவு மென்மையானதா, கால்சியம் கலந்ததா, குழாய் வெளிப்பக்கம் விரிந்திருக்கிறதா, அபாயகரமான படிவின் அடையாளங்கள் உண்டா என்று எழுதியிருக்கிறார்களா பாருங்கள். எழுதவில்லை என்றால் கேளுங்கள், படம் அவர்களிடம்தான் இருக்கிறது, திரும்பப் பார்த்துச் சொல்ல முடியும்.

கழுத்து, தொடை, கால்

சி.டி. எடுக்க வேண்டாத இளைஞர்களுக்கும், குழந்தைகளுக்கும் கழுத்துத் தமனி அல்ட்ராசவுண்ட் நல்லது, கதிர்வீச்சு கிடையாது. பத்து வயதுகூட ஆகாத குழந்தைகளிலேயே, பாதிக்கப்படாத உடன்பிறப்புகளைவிட இந்தச் சுவர் தடித்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் சுவர்த் தடிமன் அளவு, எடுப்பவரின் கையைப் பொறுத்து மாறும், ஆகவே மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு ஏறியது இறங்கியது என்று கவலைப்படாமல், படிவு தெரிகிறதா இல்லையா என்பதைக் கேளுங்கள். தொடைத் தமனியையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் நல்லது. நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, நின்றால் சரியாகிறது என்றால் கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடுவார்கள், விகிதம் 0.9க்குக் கீழ் என்றால் கால் தமனியில் அடைப்பு.

வால்வும் தசையும்

எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட், எடுத்தால் குழாய் அடைப்பு தெரியும் என்று பலர் நம்புகிறார்கள், தெரியாது. எக்கோ காட்டுவது தசையையும் வால்வையும். இரட்டை வகை நோய் உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம், ஏனென்றால் அவர்களுக்குக் கொழுப்பு பெருந்தமனி வால்விலும் அதற்கு மேலே தமனியின் தொடக்கத்திலும் படிந்து அந்த வழியையே இறுக்கிவிடும், எல்.டி.எல். கட்டுக்குள் வந்த பிறகும்கூட அது கூடிக்கொண்டே போகலாம், எனவே அவர்களுக்கு வழக்கமாக வருடம் ஒரு எக்கோ. சாதாரண வகையில் இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்டாலோ, ஈ.சி.ஜி.யில் மாற்றம் இருந்தாலோ, எல்பி லிட்டில் ஏ அதிகம் என்றாலோ எடுங்கள்.

எக்கோ ரிப்போர்ட்டில் எல்லோரும் பார்ப்பது இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் சதவீதத்தை. அது 60 என்று நன்றாக இருந்தாலும் தசை நீளவாக்கில் சுருங்கும் திறன் குறையத் தொடங்கியிருக்கலாம். ஸ்டிரெய்ன் என்ற அளவு இதைக் காட்டும், கருவியில் வசதி இருந்தால் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், தெரியாமலேயே வந்துபோன மாரடைப்பு. வலியே இல்லாமல், அல்லது வாயு என்று நினைத்து விட்டுவிட்ட ஒரு ராத்திரியில், தசையின் ஒரு துண்டு செத்துத் தழும்பாகியிருக்கும். ஈ.சி.ஜி.யில் காரணம் புரியாத கியூ அலை, அல்லது எக்கோவில் சுவரின் ஒரு பகுதி மட்டும் சரியாக அசையவில்லை என்று வந்தால், கடோலினியம் மருந்து கொடுத்து எடுக்கும் இதய எம்.ஆர்.ஐ. அந்தத் தழும்பை வெள்ளையாகக் காட்டிவிடும். தழும்பு ஒரு தமனி ரத்தம் கொடுக்கும் பகுதியில், உட்பக்கத்திலிருந்து தொடங்கியிருந்தால் அது மாரடைப்பின் தழும்பு. இதை எல்லோருக்கும் எடுக்கத் தேவையில்லை, சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குக் கவனம் வேண்டும். டிரோபோனின், பி.என்.பி. போன்ற ரத்தப் பரிசோதனைகள் தசை அவதிப்படுகிறதா என்று சொல்லும், சுவரில் படிவு இருக்கிறதா என்று சொல்லாது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ரிப்போர்ட்டை வைத்து என்ன செய்வது?

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பரம்பரைக் கொலஸ்ட்ரால் உறுதியானால், ஸ்கேனில் என்ன வந்தாலும் மருந்து வேண்டும். ஸ்கேன் தீர்மானிப்பது எவ்வளவு தீவிரமாகக் குறைக்க வேண்டும் என்பதை. ஐரோப்பிய இதய மருத்துவ வழிகாட்டுதல் 2019இல் சொன்ன இலக்கு, வேறு பெரிய ஆபத்து இல்லாதவர்களுக்கு எல்.டி.எல். 70க்குக் கீழ், இதயக் குழாய் நோய் இருப்பவர்களுக்கு 55க்குக் கீழ், அதோடு தொடக்க அளவில் பாதியாவது குறைய வேண்டும். ஸ்கேனில் தெளிவான படிவு தெரிந்தால் நீங்கள் இரண்டாவது கூட்டத்தில் வருகிறீர்களா என்று டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். ஸ்டேட்டின் போதாவிட்டால் எசெட்டிமைப், அதற்கும் மேல் எவலோகுமாப், அலிரோகுமாப் போன்ற ஊசிகள், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போடும் இன்கிளிசிரான் என்று வழிகள் இருக்கின்றன.

பெண்கள் கர்ப்ப காலத்திலும் தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் ஸ்டேட்டினை வழக்கமாக நிறுத்திவைப்பார்கள், அந்த மாதங்களையும் மேலே சொன்ன கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் திரும்பத் தொடங்குவதை யாரும் நினைவூட்டமாட்டார்கள், நீங்களே கேட்க வேண்டும். பெண்களுக்கு நெஞ்சு வலியைவிட மூச்சு வாங்குதல், காரணமில்லாத சோர்வு, தாடை, முதுகு வலி என்று வருவதும் உண்டு. யாராக இருந்தாலும், நெஞ்சில் இறுக்கமோ, வியர்வையோடு மூச்சுத் திணறலோ சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் மேலே சொன்ன எந்த ஸ்கேனுக்கும் நாள் குறிக்க வேண்டாம், உடனே அவசரப் பிரிவு. சமீபத்திய ரிப்போர்ட் நார்மல் என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது.

கடைசியாக உங்கள் ரத்த உறவுகள். பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இது இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. குழந்தைகளுக்கு ஐந்து வயதிலிருந்து எல்.டி.எல். பார்க்கலாம், பெற்றோர் இருவருக்கும் நோய் இருந்தால் இன்னும் முன்னதாகவே. குழந்தைக்கு மாத்திரையா என்று தயங்குபவர்கள் நெதர்லாந்தில் 20 வருடம் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும்: சிறு வயதிலேயே ஸ்டேட்டின் தொடங்கியவர்களில் 39 வயதுக்குள் இதய நோய் வந்தவர்கள் 1 சதவீதம், அதே நோய் இருந்த அவர்களுடைய பெற்றோரில் அதே வயதுக்குள் வந்தவர்கள் 26 சதவீதம். உங்கள் பழைய எல்.டி.எல். ரிப்போர்ட்டையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் போட்டோ எடுத்து இன்றைக்கே உடன்பிறந்தவர்களுக்கு அனுப்புங்கள், அவர்கள் டாக்டரிடம் போகும்போது காட்ட அது வேண்டும்.